உள்ளே வைத்த விளக்கு

"கான்ஸர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே கான்ஸரை உண்டாக்கும் மருந்தைக் குத்துகிறார்களாமே, தம்பி! இது என்ன நியாயம்?"

சென்ற வருஷம் என் பெரியம்மாள் மகள் என்னிடம் கேட்ட கேள்வி இது. டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் உள்ள சகல விஷயங்களும் தெரிந்திருக்கும் என்று நம் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. மாப்பிள்ளையின் குணம், மனையின் வில்லங்கம், மூட்டுவலித் தைலம் எல்லாவற்றுக்கும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவேன். அக்காளின் கேள்வியை அப்படி மழுப்ப முடியவில்லை. அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தது.

அக்காளுக்கு வயது 62. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வருஷங்களுக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் நடந்து, மருந்தும் சாப்பிட்டு, நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தாள். சென்ற வருஷம் முதுகுவலி ஆரம்பித்தது. தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு மாதமாகியும் விடவில்லை. எலும்புகள் முழுவதையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மகன் சென்னையில் இருப்பதால் இங்கே வந்தாள்.

அந்தப் பிள்ளையாண்டான் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தன். இரவெல்லாம் கைத்தொலைபேசியில் படித்தான். படித்ததில் பாதியை அம்மாவிடம் சொன்னான். பாதி சொன்னால் பயம் இரட்டிப்பாகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் அக்காள் ஊருக்குப் புறப்படப் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"மூன்று நாள் பொறுங்கள் அக்கா. விசாரித்துச் சொல்கிறேன். அதற்கப்புறமும் வேண்டாமென்றால் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன்" என்றேன். அந்த மூன்று நாட்களில் புத்தகங்களைப் புரட்டியும், எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரின் பொறுமையைச் சோதித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். அக்காளைப் போல எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.

எக்ஸ்ரே என்பது வெளியே விளக்கை ஏற்றி, உடம்பின் நிழலைப் படம் பிடிப்பது. இந்த ஸ்கேனில் விளக்கை உடம்புக்குள்ளேயே அனுப்பிவிடுகிறார்கள். அது எங்கே போய்த் தங்குகிறது, எங்கே பிரகாசமாக எரிகிறது என்று வெளியே இருந்து ஒரு கருவி பார்க்கிறது. அந்த விளக்குத்தான் கதிரியக்கப் பொருள்.

இந்த யுக்தி பிறந்ததைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள். 1911-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஹெவேசி என்ற ஹங்கேரி தேசத்து இளைஞர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சாப்பாட்டு வசதியுள்ள ஒரு வீட்டில் ஜாகை. அந்த வீட்டு அம்மாள் மிஞ்சிய இறைச்சியையே மறுபடி மறுபடி வேறு பெயரில் பரிமாறுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அம்மாளோ இல்லவே இல்லை என்று சாதித்தாள். ஒரு நாள் தட்டில் மிஞ்சியதில் கதிரியக்கப் பொருளைத் துளி தூவி வைத்தார் ஹெவேசி. சில நாள் கழித்து வந்த பதார்த்தத்துக்குப் பக்கத்தில் கருவியை வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது! நேற்றைய இட்லி இன்றைய உப்புமாவாக அவதாரம் எடுப்பதை நாம் கருவி இல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்தும் சர்க்கரையும் எங்கே போய் எந்த அவதாரம் எடுக்கின்றன என்று பார்க்க ஹெவேசியின் வழிதான் வேண்டும். 1943-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று உலகெங்கும் மிக அதிகமாக உபயோகிக்கப்படும் விளக்கு, டெக்னீஷியம்-99எம் என்பது. அதன் பெரிய குணம் அற்பாயுள். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த ஆறு மணியில் அதிலும் பாதி. ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும். இத்தனை சீக்கிரம் கரைவதை எங்கே வாங்கி எப்படி இருப்பு வைப்பது? அதற்கும் வழி உண்டு. மாலிப்டினம் என்ற தாய்ப்பொருளை ஈயக் கவசத்தில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அது பாதியாக 66 மணி நேரம் ஆகும். அது சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்பு நீரை உள்ளே செலுத்தி அதை இறக்கிக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த ஈயக் குடுவையைப் பசு என்றும், இறக்குவதைப் பால் கறப்பது என்றும் சொல்வது வழக்கமாம். அக்காளிடம் இதைச் சொன்னபோதுதான் அந்த மூன்று நாட்களில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பசு முட்டாமல் இருந்தால் சரி" என்றாள்.

பசு முட்டுமா என்பதுதானே கேள்வி? அதற்கு வருவோம்.

கதிர் உடம்பில் படுவதை அளக்க சீவர்ட் என்று ஓர் அளவு இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும், மூச்சுக் காற்றிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் உலகத்து மனிதன் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான். எலும்பு ஸ்கேனில் கிடைப்பது நாலைந்து மில்லிசீவர்ட். சுமார் இரண்டு வருஷத்துக்கு இயற்கை கொடுப்பதை ஓரிரு நாளில் வாங்கிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் வரும் தீங்கு என்ன என்பதை எப்படிக் கண்டார்கள்? இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருக்க வேண்டும் போலிருந்தது. கதிருக்கும் கான்ஸருக்கும் உள்ள கணக்கின் மூலாதாரம் ஹிரோஷிமாவும் நாகசாகியும். 1945-ல் குண்டு விழுந்து பிழைத்தவர்கள், அந்த ஊர்களைச் சேர்ந்தும் அன்று ஊரில் இல்லாதவர்கள், ஆக ஏறக்குறைய 1,20,000 பேரை 1950 முதல் விடாமல் கவனித்து வருகிறார்கள். யார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், சுவருக்கு இந்தப் புறமா அந்தப் புறமா, பிற்பாடு யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் சில வருஷங்களிலேயே தலைகாட்டியது. மற்றவை இருபது, முப்பது வருஷம் கழித்து வந்தன. சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் என் அக்காளின் கையில் ஏறப்போகும் ஊசியை நிறுத்துப் பார்க்கும் தராசு, அந்த ஜப்பானிய ஜனங்களின் உடம்பிலிருந்து செய்யப்பட்டது.

தராசு பெரிய எடைக்கு நன்றாகப் பேசுகிறது. சிறிய எடைக்குத் தயங்குகிறது. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே போகப் போக, கதிரால் வந்த கான்ஸர் மற்றக் காரணங்களால் வரும் கான்ஸர்களின் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடுகிறது. அங்கே விஞ்ஞானிகள் ஒரு கோடு கிழித்து, "பத்தில் ஒரு பங்கு கதிருக்குப் பத்தில் ஒரு பங்கு அபாயம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். இதை ஒப்பாதவர்களும் உண்டு. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மணலிலேயே கதிரியக்கம் இருக்கிறது. அங்கே சுமார் 70,000 பேரைப் பல வருஷம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கான்ஸர் அதிகப்பட்டதாகக் காணவில்லை. சுவீடனில் 1950-களிலும் 60-களிலும் கதிரியக்க அயோடின் கொடுத்துத் தைராய்டைப் பரிசோதித்த சுமார் 35,000 பேரைத் தொடர்ந்து பார்த்தபோதும், அந்தக் கதிரால்தான் தைராய்டுக் கான்ஸர் கூடியது என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் கோட்டை அழித்துவிட அவர்கள் துணியவில்லை. தெரியாத இடத்தில் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அந்தக் கோட்டின்படி கணக்கு என்ன? அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் குழு ஒன்று 2006-ல் இப்படிச் சொன்னது: நூறு பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் 42 பேருக்கு மற்றக் காரணங்களால் எப்படியும் வாழ்நாளில் கான்ஸர் வரும். நூறு பேருக்கும் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் கொடுத்தால் இன்னும் ஒருவருக்கு வரலாம். அது அமெரிக்க ஜனங்களின் கணக்கு. அதே விகிதத்தில் 5 மில்லிசீவர்ட் என்றால் இரண்டாயிரத்தில் ஒருவர். இதுவும் எல்லா வயதினருக்கும் பொதுவான சராசரி. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு உள்ள அபாயம் அறுபது வயதுப் பெண்ணுக்கு உள்ளதைப்போல் நாலு மடங்குக்கும் மேல். குழந்தையின் உடம்பு வளர்கிற உடம்பு. மேலும், விதைத்தது முளைக்க அதற்கு முன்னால் நீண்ட காலம் கிடக்கிறது. அக்காளின் வயதுக்குப் பார்த்தால் மூவாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதுவும் பத்து, இருபது வருஷம் கழித்து.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அக்காளின் பயம் வெறும் மூடத்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். டாக்டர்களே பயப்படாமல் இருந்து கெட்டுப்போன கதை ஒன்று உண்டு. 1930-ஐ ஒட்டி தோரோட்ராஸ்ட் என்று ஒரு மருந்து புழக்கத்துக்கு வந்தது. எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய்கள் துல்லியமாகத் தெரிவதற்காக ஏற்றுவது. நோயாளிக்கு உடனே ஒரு தொந்தரவும் இல்லை. படமும் பிரமாதமாக விழுந்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏராளமானோருக்கு ஏற்றினார்கள். அதில் இருந்தது தோரியம். நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே, அதே தோரியம். அது பாதியாக 1,400 கோடி வருஷம் வேண்டும்! உடம்பை விட்டு வெளியேறாமல் ஈரலில் தங்கி, ஆயுள் முழுவதும் கதிர் வீசிக்கொண்டே இருந்தது. இருபது, முப்பது வருஷம் கழித்து அவர்களில் பலருக்கு ஈரலில் கான்ஸர் வந்தது. 1950-களில்தான் அந்த மருந்து ஒழிந்தது. அணையாத விளக்கை உள்ளே வைத்ததன் பலன் அது. ஆறு மணி நேரத்தில் பாதி அணைந்துபோகும் விளக்கை இன்று தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்றால், அதில் பயந்தவர்களின் பங்கு பெரிது.

மூன்றாம் நாள் அக்காளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர். "அம்மா, உங்கள் ஊர் மணலிலேயே கதிரியக்கம் இருக்கிறது. நாற்பது வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறீர்கள். இந்த ஊசிக்கா பயப்படுகிறீர்கள்?" என்று தைரியம் சொன்னார். அக்காள் அதற்கு மசியவில்லை. "மணலில் நடந்தது போதாதென்று இதையும் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சொன்னது சரிதானே? பழைய கடன் இருப்பது புதுக் கடன் வாங்குவதற்குக் காரணம் ஆகாது.

பிறகு அக்காள் ஒரு கேள்வி கேட்டாள். நான் மூன்று நாள் படித்ததில் எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

"இதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள், டாக்டர்?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எலும்பில் ஒன்றும் இல்லை என்றால் முதுகுக்குத் தேகப்பயிற்சியும் வலி மாத்திரையும். இருந்தால் மருந்தை மாற்றுவேன். எந்த எலும்பு என்று பார்த்து அது முறியாமல் காப்பேன். பார்க்காவிட்டால் இரண்டில் எதைச் செய்வது என்று எனக்குத் தெரியாது" என்றார்.

"அப்படியானால் குத்துங்கள்" என்றாள் அக்காள்.

ஊசி போடும் இடத்தில் கதவில் மூன்று இதழ் போட்ட அடையாளம். ஊசிக் குழாய்க்கே ஒரு கனமான உலோகச் சட்டை. போட்ட பெண் சட்டென்று தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். "எனக்குக் குத்திவிட்டு அவள் ஒளிந்துகொள்கிறாளே!" என்று அக்காள் முணுமுணுத்தாள். நமக்கு ஒரு நாள். அவளுக்குத் தினம் எத்தனையோ பேர், வருஷம் முழுவதும். சமையற்காரர் ஒவ்வொரு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். உடம்பு ஏற்காத மருந்து வெளியேறினால் படமும் தெளிவாக இருக்கும், மூத்திரப்பைக்குப் படும் கதிரும் குறையும். பிறகு பலகை போன்ற ஒரு படுக்கையில் அரைமணி நேரம் அசையாமல் கிடந்தாள். வலியில்லை, சத்தமில்லை.

அவளை வருத்தியது வேறு ஒன்று. அன்று முழுவதும் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்ப ஸ்திரீகளிடமிருந்தும் கொஞ்சம் விலகி இருக்கும்படி சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி. அது "பாட்டி" என்று ஓடிவர, அக்காள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். குழந்தை விம்மி விம்மி அழுதது. அக்காள் அழாமல் நின்றாள்.

முடிவு வந்தது. வலித்த முதுகில் வயதின் தேய்மானம் தவிர வேறு ஒன்றும் இல்லை. வலியே இல்லாத வலது தொடை எலும்பில், விளக்கு பிரகாசமாக எரிந்தது. மேற்கொண்டு படம் எடுத்து நிச்சயப்படுத்திக்கொண்டார்கள். எலும்பு முறியுமுன் உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தினார்கள். பிறகு அந்த இடத்துக்குச் சில நாள் கதிர் வைத்தியம் நடந்தது. ஸ்கேனில் அந்த எலும்பு வாங்கியதைவிட நூறு மடங்குக்கும் அதிகமான கதிர் அது. அந்தக் கதிருக்கு அக்காள் பயப்படவே இல்லை! எதற்காக என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்று கையில் ஒரு தடியுடன் கோயிலுக்கு நடந்து போய் வருகிறாள். நோய் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, கட்டுக்குள் இருக்கிறது. நடந்து போகிற நாட்கள் அவளுக்குக் கிடைத்திருக்கின்றன.

இதற்கு நேர் எதிரிடையாக எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வயது 45. ஒரு நோயும் இல்லை, பணம் இருக்கிறது. வருஷந்தோறும் மனநிம்மதிக்காக உடம்பு முழுவதற்கும் 'பெட்' ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். இது சர்க்கரையில் ஏற்றிய விளக்கு. இதன் ஆயுள் இன்னும் அற்பம். 110 நிமிஷத்தில் பாதி. ஆனால் கூடவே எடுக்கும் சி.டி. படத்தையும் சேர்த்தால் பெரும்பாலும் பத்து மில்லிசீவர்ட்டுக்குக் குறையாது, இரட்டிப்பாகவும் ஆகலாம். பத்து வருஷம் இப்படியே செய்தால் ஜப்பானியக் கணக்கு தெளிவாகப் பேச ஆரம்பிக்கும் இடத்துக்கு நண்பர் தாமாகவே நடந்து போய்ச் சேர்ந்துவிடுவார்.

மூன்றாவது தடவை அவர் மார்பில் ஒரு புள்ளி பிரகாசித்தது. சர்க்கரையைக் கான்ஸர் மட்டும் தின்பதில்லை. மூளை தின்கிறது, இருதயம் தின்கிறது, ஆறிக்கொண்டிருக்கும் புண் தின்கிறது. நம் தேசத்தில் காச நோயின் மிச்சங்களும் தின்னும். குழாய் விட்டார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள். மூன்று வாரம் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. அவர் மனைவி நேர்ந்துகொள்ளாத தெய்வம் இல்லை. கடைசியில் அது பழைய காச நோயின் அடையாளம் என்று தெரிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். நண்பரோ, "நல்ல வேளை, ஒன்றும் இல்லை" என்று சந்தோஷப்பட்டு, அடுத்த வருஷத்துக்கும் தேதி குறித்துவிட்டார். அவரிடம் அக்காளின் கேள்வியைச் சொன்னேன். "இதைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?" "பார்த்து வைத்துக்கொள்ளத்தான்" என்றார்.

ஆகையால் ஸ்கேன் நல்லதா, கெட்டதா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். யாருக்கு, எந்த வயதில், எந்தக் கேள்விக்கு விடை தேடி என்று கேட்டால் பேசலாம். இருதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கத் தாலியம் என்ற பழைய மருந்தை ஏற்றினால், வழக்கமாகக் கொடுத்துவந்த அளவுக்கு 40 மில்லிசீவர்ட் ஆகும். டெக்னீஷியத்தில் சுமார் பத்தோடு முடிந்துவிடும். சில சமயம் ஒலியலைப் படமே போதும். அதில் கதிர் இல்லை. குழந்தைக்கு அதன் எடைக்குத் தகுந்தபடி மருந்தைக் குறைக்க வேண்டும். பாலூட்டும் தாயும், கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றுகிறவளும் ஊசிக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். முன்னால் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் எடுத்ததையே மறுபடி எடுப்பது தவிரும். இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

கதை எழுதுகிற எனக்கு இதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனால் பிழைத்தவளுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் நடக்கிறாள். இரண்டாயிரத்தில் அந்த ஒருவருக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. இருபது வருஷம் கழித்து அவருக்கு நோய் வரும்போது, இது அந்த ஊசியால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. கோட்டுக் கணக்கு தவறாக இருந்தால் அப்படி ஒருவர் இல்லாமலே போகலாம். அதையும் யாரும் நிரூபிக்க முடியாது. யார்மேலும் புகார் சொல்லத் தெரியாத அந்த ஆளுக்காக வழக்காட யாரும் வரமாட்டார்கள். வேண்டிய ஸ்கேன் என்றால், எதிரே நிற்கும் நோயாளியின் பொருட்டு அந்தச் சிறு அபாயத்தை ஏற்கலாம். வேண்டாத ஸ்கேன் என்றால், அந்த ஒருவர் எதற்காகவும் அல்லாமல் துன்பப்படுகிறார். சீட்டு எழுதும் கையும், அதை வாங்கிக்கொள்ளும் கையும் ஒரு நிமிஷம் நின்று, "இதைப் பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டுக்கொண்டால், அவருக்காகச் செய்யக்கூடியதைச் செய்ததாக ஆகும்.